குமரிக்கடலில் மூன்று நாட் போர்

சென்ற பொங்கல் விடுமுறையில் நம் சங்கத்துக் குடும்பங்கள் சில பாறசாலையில் வண்டியேறிக் கன்னியாகுமரிக்குச் சென்று வந்ததனை அன்பர்கள் அறிவர். கட்டுச்சோற்று மூட்டைகளை அவிழ்த்துப் பிள்ளைகளுக்குப் புளியோதரை பகிர்ந்துகொண்டிருந்த வேளையில், ஒற்றசேகரமங்கலத்துச் சிறுவன் ஒருவன் கடலை நோக்கியபடியே, “மாமா, இந்தக் கடலில் யுத்தம் நடந்ததுண்டா?” என்று நம்மை வினவினான். 1741-ஆம் ஆண்டில் குளச்சலில் மார்த்தாண்டவர்மரின் படை டச்சுக்காரரை முறியடித்த வரலாற்றை நாம் மிகுந்த உற்சாகத்தோடு எடுத்துரைத்தோம். முழுவதும் கேட்டுவிட்டு அவன், “அது கரையில் நடந்ததல்லவா? நான் கடலில் நடந்ததைக் கேட்டேன்” என்றான். பிள்ளை கேட்டது நியாயமே. நம்மிடம் அப்போது விடை இல்லை. புளியோதரை இன்னும் சற்று வேண்டுமா என்று கேட்டுப் பேச்சை மாற்றினோம்.

இரவுப் பணியில் வண்டிக்கும் வண்டிக்கும் இடையே கிடைக்கும் ஓய்வில் பழைய நூல்களைப் புரட்டும் வழக்கம் நமக்கு உண்டு. அவ்வாறு புரட்டியதில் சிறுவனுக்குரிய விடை கிடைத்தது. 1808-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 6-ஆம் நாள் முதல் 8-ஆம் நாள் வரை, குமரிமுனைக்கு அப்பாலும் மன்னார் வளைகுடாவிலுமாக, ஓர் ஆங்கிலக் கப்பலும் ஒரு பிரெஞ்சுக் கப்பலும் துணைக்கு வேறு கப்பலின்றித் தனித்து நின்று பொருதன. நம் ஊரிலிருந்து நெய்யாற்றின் போக்கிலேயே இறங்கினால் பூவாரில் கடலைக் காணலாம். அந்தக் கடலின் தென்கோடியில் நடந்த போர் இது. ஆயினும் இதனைப் பற்றி நம்மவருள் எவரும் பேசக் கேட்டதில்லை.

அந்நாளைய நிலைமையைச் சிறிது கூறுதல் வேண்டும். 1803-இல் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் மீண்டும் போர் மூண்டது. ஐரோப்பாவில் நெப்போலியன் கொடி பறந்தது. இந்துமாக்கடலில் பிரெஞ்சுக்காரருக்கு எஞ்சியிருந்த வலிய புகலிடம் பிரான்சுத் தீவு ஒன்றே. இன்று நாம் மொரீசியசு என்று வழங்குவது அதனையே. புதுச்சேரியிலிருந்து சென்ற தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும் அந்தப் போருக்கு அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே அத்தீவின் போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்டியெழுப்பிய வேலையில் பங்கு கொண்டவர்கள். நம்மைப்போல் பிழைப்பை நாடிப் புறப்பட்டவர்களின் முன்னோடிகள் என்று அவர்களைக் கூறலாம். அந்தத் துறைமுகத்திலிருந்துதான் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் புறப்பட்டு வந்து, சென்னை, கல்கத்தா, பம்பாய், சீனம் ஆகிய இடங்களுக்குச் செல்லும் ஆங்கில வணிகக் கப்பல்களைப் பிடித்துச் சென்றன. குமரிமுனை அவற்றுக்கு ஏற்ற வேட்டைக்களம். மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கோ இலங்கைக்கோ செல்லும் கப்பல் எதுவாயினும் இந்த முனையைச் சுற்றியே தீரவேண்டும். சந்திப்பு நிலையத்தில் காத்திருப்பவனுக்கு எல்லா வண்டியும் கண்ணில் படுவது போன்றது அது.

இவ்வேட்டைக்கு உரிய கப்பலை ஆங்கிலத்தில் பிரிகேட்டு என்பர். தரைப்படையின் பிரிகேடு வேறு, இது வேறு, ஒலியொப்புமையால் மயங்கற்க. பெரும் போர்க்கப்பல்களில் இரண்டு மூன்று தளங்களில் பீரங்கிகள் அடுக்கடுக்காக நிற்கும். அவை வலிமை மிக்கவை. ஆனால் நடை மெதுவானவை. பிரிகேட்டிலோ முதன்மைப் பீரங்கிகள் ஒரே தளத்தில் வரிசையாக நிற்கும், மூன்று பாய்மரங்கள், விரைவான ஓட்டம். தன்னினும் பெரியதைக் கண்டால் ஓடித் தப்பும். சிறியதைக் கண்டால் துரத்திப் பிடிக்கும். தனக்கு நிகரான இன்னொரு பிரிகேட்டைத் தனியே கண்டால் மட்டுமே அதற்குச் சோதனை. இத்தகைய இருவர் போர்களில் வென்ற தலைவனுக்குப் பட்டமும் பதவியும் பரிசுப் பணமும் காத்திருந்தன. ஆதலால் இளைஞர்கள் இவற்றை விரும்பித் தேடினர்.

பிரெஞ்சுக் கப்பலின் பெயர் பியமோந்தேசு. 1804-இல் சென் மாலோ துறைமுகத்தில் நீரில் இறக்கப்பட்டது. முதன்மைத் தளத்தில் பதினெட்டு இறாத்தல் குண்டு வீசும் நெடும் பீரங்கிகளும், மேல்தளத்தில் முப்பத்தாறு இறாத்தல் குண்டு வீசும் குறும் பீரங்கிகளும் கொண்டது. கப்பல் தலைவர் எப்ரோன். அவருக்கு அடுத்த அதிகாரி மொரோ என்பவர் கொடுமைக்குப் பெயர் பெற்றவர். 1806 ஜூன் மாதத்தில் ‘வாரன் ஹேஸ்டிங்ஸ்’ என்ற கும்பினிக் கப்பல் போரிட்டுத் தோற்றுச் சரணடைந்த பிறகும், அதன் தலைவர் லார்க்கின்சை இந்த மொரோ கத்தியால் குத்தினார். சரணடைந்தவன்மேல் கை வைப்பது எந்நாட்டு மாலுமிக்கும் இழுக்கு. அச்செய்தி ஆங்கிலக் கப்பல்கள்தோறும் பரவி, பியமோந்தேசின் பெயரைக் கேட்டாலே அவர்கள் பல்லைக் கடிக்கும்படி ஆயிற்று.

ஆங்கிலக் கப்பலின் பெயர் சான் பியோரென்சோ. அதுவும் பிறப்பால் பிரெஞ்சுக் கப்பலே என்பது வேடிக்கை. 1782-இல் தூலோன் துறைமுகத்தில் ‘மினர்வ்’ என்ற பெயரோடு பிறந்து, 1794-இல் கோர்சிகாத் தீவின் சான் பியோரென்சோக் குடாவில் மூழ்கிக் கிடந்ததை ஆங்கிலேயர் நீருக்கு மேல் எடுத்துச் செப்பனிட்டு, அந்த இடத்தின் பெயரையே இட்டு வைத்துக்கொண்டனர். 1805 பிப்ரவரியில் வங்காள விரிகுடாவில் ‘சீசே’ என்ற பிரெஞ்சு பிரிகேட்டைப் பிடித்ததும் இக்கப்பலே. 1808-இல் அதன் தலைவர் ஜார்ஜ் நிக்கலசு ஹார்டிஞ்சு. 27 வயதுகூட நிறையாதவர். இந்த வயதில் நாம் தற்காலிக எழுத்தர் வேலை நிரந்தரமாகுமா என்று மேலதிகாரி அறையின் வாயிலில் நின்றுகொண்டிருந்தோம்.

மார்ச்சு 4-ஆம் நாள் சான் பியோரென்சோ இலங்கையின் காலித் துறையிலிருந்து பம்பாய் நோக்கிப் புறப்பட்டது. நோயாலும் பிற காரணங்களாலும் அதன் ஆள் தொகை குறைந்திருந்தது. 6-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, குமரிமுனைக்கு அருகே பம்பாயிலிருந்து வந்த மூன்று கும்பினிக் கப்பல்களை அது கடந்தது. அவற்றைக் கடந்த சற்று நேரத்தில் தொலைவில் வேறொரு பாய் தெரிந்தது. அது அந்த வணிகக் கப்பல்களையே குறிவைத்து வந்துகொண்டிருந்த பியமோந்தேசு.

ஹார்டிஞ்சு உடனே திரும்பித் துரத்தினார். பிரெஞ்சுக்காரர் நிற்கவில்லை. பகல் முழுவதும் ஓட்டம். வாடைக்காற்று தணிந்துவரும் மாதம் அது. கடலில் பாயோடும் கப்பலுக்குப் பொறுமையே முதல் ஆயுதம். நள்ளிரவை நெருங்கும் வேளையில் ஆங்கிலக் கப்பல் பக்கத்தில் சென்று சேர்ந்தது. பத்து நிமிடம் பீரங்கிகள் முழங்கின. அதற்குள் பியமோந்தேசு மீண்டும் முன்னேறி இருளில் விலகியது. அந்த இரவில் ஆங்கிலேயர் பக்கத்தில் மூவர் காயமுற்றனர், இறந்தவர் இல்லை.

மறுநாள் காலை ஆறரை மணியளவில் போர் மறுபடியும் தொடங்கி எட்டே கால் மணி வரை நீடித்தது. இங்கே இரு நாட்டாரின் போர்முறை வேறுபாட்டைக் காணலாம். பிரெஞ்சுப் பீரங்கியாளர் பாய்களையும் கயிறுகளையும் நோக்கிச் சுடுவர். எதிரியை முடமாக்கிவிட்டால் தாம் விரும்பியவாறு செல்லலாம் என்பது அவர்கள் கணக்கு. ஆங்கிலேயர் கப்பலின் உடலை நோக்கிச் சுடுவர். பீரங்கியின் பின் நிற்கும் ஆளை வீழ்த்துவது அவர்கள் கணக்கு. அன்று காலை இரண்டு கணக்கும் பலித்தன. சான் பியோரென்சோவின் நடுமரத்துப் பருமல் துளைக்கப்பட்டது, மரத்தைத் தாங்கும் கயிறுகள் அறுந்தன, பாய்கள் கந்தலாயின, கட்டிவைத்த வெடிமருந்துப் பொதிகளில் பெரும்பகுதி தீர்ந்துபோயிற்று. எட்டுப் பேர் மாண்டனர், பதினால்வர் காயமுற்றனர். பியமோந்தேசின் உள்ளே ஆட்கள் வீழ்ந்தனர். ஆனால் பாயும் கயிறும் பெரும்பாலும் பழுதின்றி இருந்தமையால் அது நகர்ந்து சென்றுவிட்டது.

நமது மனத்தை மிகவும் கவர்ந்தது அதன்பின் வந்த பகலும் இரவுமே. நூல்கள் இதனை ஒரு வரியில் கூறிக் கடந்துவிடுகின்றன. எட்டேகால் மணிக்குச் சுடுவதை நிறுத்திய ஆங்கிலேயர், கையிலிருந்த எல்லா ஆட்களையும் பழுது பார்க்கும் வேலையில் ஏவினர். இறந்தவர்களைக் கடலில் இட்டபின் முறிந்த பருமலுக்கு மாற்று ஏற்ற வேண்டும். அறுந்த கயிற்றை முறுக்கிப் பிணைக்க வேண்டும். கந்தலான பாயை இறக்கிப் புதியதைக் கட்ட வேண்டும். மருந்துப் பொதிகளை மீண்டும் நிரப்ப வேண்டும். மார்ச்சு மாத வெயில் எப்படிப்பட்டது என்பதனை நம் ஊர் வயல்வரப்பில் நடந்தவர் அறிவர். விபத்து நேர்ந்த இருப்புப்பாதையை விடிவதற்குள் சீராக்கப் பாடுபடும் தொழிலாளரை நாம் அருகிலிருந்து கண்டிருக்கிறோம். அந்த இரவில் யாரும் வீரம் பேசுவதில்லை; ‘அதைப் பிடி, இதைத் தூக்கு’ என்ற சொற்களே கேட்கும். குமரிக்கடலில் அன்று கேட்டதும் அவ்வாறே இருந்திருக்கும்.

8-ஆம் நாள் பொழுது புலர்ந்தபோது சான் பியோரென்சோ மீண்டும் போருக்கு ஆயத்தமாய் நின்றது. எல்லாப் பாய்களையும் விரித்து எதிரியை நோக்கிச் சென்றது. காற்று வரும் பக்கத்தைத் தன்வசமாக்கிக்கொள்ள அது முயன்றதைக் கண்டு பிரெஞ்சுக்காரர் மறுபடியும் ஓடத் தொடங்கினர். பாய்மரப் போரில் காற்றின் மேற்பக்கம் யாரிடம் உள்ளதோ அவரே நெருங்குவதும் விலகுவதும் தீர்மானிப்பவர். இனித் தப்ப இயலாது என்று உணர்ந்த எப்ரோன் பிற்பகலில் கப்பலைத் திருப்பினார். இரண்டும் எதிரெதிராக, ஐம்பது மீட்டர் அளவே இடைவெளி விட்டு, ஒன்றையொன்று கடந்தன. அத்தனை அருகில் எதிரியின் முகத்தையும் காணலாம்.

பிரெஞ்சுக்காரரின் இரண்டாம் பீரங்கி வரிசை முழங்கியபோது ஹார்டிஞ்சு மாண்டார். திராட்சைக் குலைபோல் பொதியாகக் கட்டிய சிறு குண்டுகள் அவரைத் தாக்கின. துணைத்தலைவர் வில்லியம் தாசன் பொறுப்பேற்றார். ஒரு மணி இருபது நிமிட நேரம் போர் நெருக்கமாக நடந்தது. இறுதியில் பியமோந்தேசின் கயிறுகளெல்லாம் துண்டுதுண்டாயின, கொடி இறங்கியது. மேல்தளத்தில் நின்றவர்கள் தொப்பியை அசைத்துப் படகு அனுப்புமாறு வேண்டினர். பிடிபட்டால் தமக்கு என்ன நேரும் என்று அஞ்சிய மொரோ, படுகாயத்தோடு கடலில் குதித்து மாண்டதாக வரலாறு கூறும்.

ஆங்கிலக் கப்பலில் மூன்று நாட்களிலும் மாண்டவர் 13, காயமுற்றவர் 25. பிரெஞ்சுக் கப்பலில் மாண்டவர் 48, காயமுற்றவர் 112. 9-ஆம் நாள் அதிகாலையில் பியமோந்தேசின் மூன்று பாய்மரங்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து கடலில் விழுந்தன. மரமிழந்த கப்பலை இழுத்துக்கொண்டு சான் பியோரென்சோ 13-ஆம் நாள் கொழும்புத் துறையை அடைந்தது. ஹார்டிஞ்சு கொழும்பில் படை மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார்.

இவ்வளவோடு நாம் நூலை மூடியிருப்போம். ஆனால் தாசன் தம் மேலதிகாரிக்கு எழுதிய அறிக்கையில் ஒரு வரி நம் கண்ணை நிறுத்தியது. பியமோந்தேசில் பிரெஞ்சுக்காரர் 366 பேர் இருந்தனர் என்று எழுதிய அவர், அதனோடு, பாய் வேலை செய்ய ஏறக்குறைய இருநூறு லஸ்கர்களும் இருந்தனர் என்று சேர்த்திருக்கிறார்.

லஸ்கர் என்போர் யாவர்? நம் நாட்டுக் கடற்கரைகளிலிருந்து கூலிக்குக் கப்பலேறிய மாலுமிகள். குசராத்து, கொங்கணம், மலையாளம், சோழமண்டலம், வங்காளம் என எல்லாக் கரைகளிலிருந்தும் சென்றவர்கள். இவர்களுக்குத் தலைவன் ஸ்ராங்கு. அவனுக்கு அடுத்தவன் தண்டல். இந்தியத் துறைகளுக்கு இடையே ஓடிய வணிகக் கப்பல்கள் பெரும்பாலும் இவர்கள் கையாலேயே ஓடின. கலாசி என்று இரயில்வேயில் நெடுங்காலம் வழங்கிய பதவிப் பெயரும் இவர்களுடைய கப்பல் தொழிலிலிருந்து வந்ததே. நம் அலுவலகத்துப் பழைய பதிவேடுகளில் அச்சொல்லை எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அது உப்புக்காற்றில் பிறந்த சொல் என்பதனை இதைத் தேடிய பின்னரே அறிந்தோம்.

அவர்கள் பிரெஞ்சுக் கப்பலில் ஏறிய வகையை ஊகிப்பது கடினமன்று. பியமோந்தேசு இந்தியக் கரையோரம் வணிகக் கப்பல்களைப் பிடித்தபோது அவற்றில் இருந்த மாலுமிகளும் கூடவே அகப்பட்டிருப்பர். பிரெஞ்சுக்காரர் பீரங்கிக்கு நிற்க, கயிறு இழுக்கவும் மரம் ஏறவும் இவர்களை நிறுத்திக்கொண்டனர். இப்பொழுது அந்தக் கடைசி ஒரு மணி இருபது நிமிடத்தை மறுபடியும் எண்ணிப் பாருங்கள். பியமோந்தேசின் கயிறுகளெல்லாம் துண்டுதுண்டாயின என்றோம். அந்தக் கயிறுகளைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவர் யார்? இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த வழக்கில் வாதியுமல்லாத பிரதிவாதியுமல்லாத நம் நாட்டவர், தம் சொந்தக் கரை கண்ணுக்கெட்டும் கடலில், இருபுறத்தாருடைய குண்டுகளுக்கும் நடுவில் நின்றனர்.

கணக்கு எழுதிப் பிழைப்பவர் என்ற முறையில் நமக்கு ஒன்று தோன்றுகிறது. 366 என்பது எண்ணப்பட்ட எண். ஏறக்குறைய 200 என்பது எண்ணப்படாத எண். சரக்குப் பதிவேட்டில் மூட்டை முந்நூற்று அறுபத்தாறு என்று எழுதினால் ஒருவன் நின்று எண்ணியிருக்கிறான் என்று பொருள். இருநூறு போல என்று எழுதினால் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான் என்று பொருள். மாண்டவர் 48, காயமுற்றவர் 112 என்று கூட்டினால் 160. லஸ்கர்களையும் சேர்த்துத்தான் இத்தொகை என்றால் நால்வரில் ஒருவருக்குச் சற்று மேல் வீழ்ந்தனர். பிரெஞ்சுக்காரர் மட்டுமே என்றால் பத்தில் நால்வருக்கு மேல். இரண்டும் வெவ்வேறு போர்கள் எனத் தக்க வேறுபாடு. அறிக்கையோ இதனைப் பிரித்துக் காட்டவில்லை. லஸ்கர் ஒருவருடைய பெயரும் அதில் இல்லை.

தாசனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. தலைவரை இழந்து, சிதைந்த இரு கப்பல்களைக் கரை சேர்த்துவிட்டு எழுதிய கடிதம் அது. அந்நாளைய வழக்கமே அவ்வாறு. 1823-இல் இயற்றிய ஆங்கிலச் சட்டம், பிரித்தானியக் கப்பலில் உழைத்த லஸ்கர்களைப் பிரித்தானிய மாலுமிகளாகக் கருதலாகாது என்று எழுத்திலேயே வைத்தது.

ஹார்டிஞ்சுக்கோ இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் நினைவுச்சின்னம் எழுந்தது. சார்லசு மானிங்கு என்ற சிற்பி செதுக்கியது. அவருடைய தம்பி ஹென்றி ஹார்டிஞ்சு 1844 முதல் 1848 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தார். அந்தத் தம்பியின் பேரரே 1910-இல் வைசிராயாக வந்த ஹார்டிஞ்சுப் பிரபு. தென்னாப்பிரிக்காவில் தமிழர் பலரும் சிறைபுகுந்த அறப்போராட்டத்துக்கு 1913-இல் சென்னையில் வெளிப்படையாக அனுதாபம் தெரிவித்தவர் இவரே. கடல் கடந்த நம்மவர் பொருட்டு அந்தக் குடும்பத்தார் ஒருவர் பேச நூற்றைந்து ஆண்டுகள் ஆயின.

கரையில் அந்த ஆண்டு என்ன நடந்தது என்றும் சிலர் கேட்கக்கூடும். திருவிதாங்கூரில் தளவாய் வேலுத்தம்பிக்கும் ரெசிடெண்டு மெக்காலேக்கும் பகை முற்றிக்கொண்டிருந்தது. 1808 டிசம்பர் இறுதியில் கொச்சியில் ரெசிடெண்டின் மாளிகை தாக்கப்பட்டது. 1809 சனவரியில் குண்டறை விளம்பரம் வெளிவந்தது. பிரெஞ்சுக் கப்பல் எந்நேரமும் இக்கரைக்கு வரக்கூடும் என்ற அச்சம் ஆங்கிலேயரை உறங்கவிடவில்லை. அவ்வச்சம் 1810 டிசம்பரில் பிரான்சுத் தீவு அவர்கள் வசமானபோதுதான் தீர்ந்தது. பியமோந்தேசு அதற்குள் ஆங்கிலக் கொடியைப் பறக்கவிட்டு, அவ்வாண்டு ஆகஸ்டில் பந்தாத் தீவுகளை டச்சுக்காரரிடமிருந்து பிடித்த போரிலும் ஈடுபட்டது. 1813-இல் அதனைப் பிரித்துப் பலகையாக்கினர். சான் பியோரென்சோ 1837-இல் அம்முடிவை எய்தியது.

இதனை எழுதிக்கொண்டிருக்கையில் 2017 நவம்பர் 30-ஆம் நாள் நினைவு நம்மை விடவில்லை. ஒக்கிப் புயல் இதே குமரிக்கடலில் வீசியது. தூத்தூர், வள்ளவிளை முதலிய ஊர்களிலிருந்தும், பூந்துறை, விழிஞ்ஞம் பக்கத்திலிருந்தும் ஆழ்கடலுக்குச் சென்றவர்கள் பலர் திரும்பவில்லை. எத்தனை பேர் என்பதில் அரசு ஓர் எண்ணைக் கூறிற்று. கடற்கரை ஊர்கள் வேறோர் எண்ணைக் கூறின. அப்போது கடலோரப் பங்குகளில் பெயர் பெயராகப் பட்டியல் எழுதினர்: தந்தை பெயர், படகின் பெயர், புறப்பட்ட நாள். அந்தப் பட்டியல்களை எழுதியவர்களை நாம் வணங்குகிறோம்.

அடுத்த சுற்றுலாவில் குமரிக்குச் செல்லும் அன்பர்கள் தெற்கு நோக்கி நின்றால், முதல் நாள் துரத்தல் கண்ணெதிரே உள்ள நீரில் தொடங்கியது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். இடக்கைப் பக்கம் மன்னார் வளைகுடா. போர் முடிந்தது அந்தத் திசையில். நம்மிடம் வினவிய சிறுவனுக்கு இக்கட்டுரையை அவன் தாயார் படித்துக்காட்டுவதாகக் கூறியிருக்கிறார். அவன் அடுத்து என்ன கேட்பான் என்று நமக்கு இப்பொழுதே தெரியும். அந்த இருநூறு பேரும் கொழும்பிலிருந்து எப்படி வீடு திரும்பினார்கள் என்றுதான் கேட்பான்.